முன்னே நடந்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும்போது "பொறுமையின் சிகரம்" என்று தொடங்கச் சொன்னார்கள். அப்படித் தொடங்க எனக்கு மனமில்லை. அக்கா பொறுமைசாலி அல்லர். துன்பம் வந்தபோதெல்லாம் அதனோடு மல்லுக்கு நின்றவர். ஆண்டவர் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையும் அப்படிப்பட்டதுதான். அவருடைய ஒரே தங்கையாகக் கிட்ட நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

கொழும்புத்துறையில், கடற்றொழில் செய்த குடும்பத்தில், பெரியண்ணைக்கு அடுத்தவராக அக்கா பிறந்தார். அதே கரையிலேயே வாழ்க்கைப்பட்டார். போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த காலத்தில் அத்தானுக்குக் காய்ச்சல் கண்டது. அக்கா மருந்து தேடி அலையாத இடமில்லை, கிடைக்கவில்லை. அத்தானை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, கைக்குழந்தையோடு ஊர் திரும்பியபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. தறப்பாள் ஒன்றைக் கட்டி அதன் கீழே குடியிருந்தார்.

பிழைப்புக்காகக் கரையில் மீனும் நண்டும் வாங்கி, சைக்கிளில் கொண்டுபோய் விற்கத் தொடங்கினார். முதற் சண்டை அங்கேதான். விடியற்காலையில் சில வள்ளங்கள் கரைக்கு வரும்போது வேறு சில புறப்படும். தொழிலுக்குப் போகிறவர்களின் எதிரே கைம்பெண் வரக் கூடாதாம். எல்லோரும் போன பிறகு வரச் சொன்னார்கள். அதற்குள் நல்ல நண்டெல்லாம் விற்றுப் போய்விடும்.

"நான் எதிர்ப்பட்டதாலை மீன் படேல்லையெண்டால், நல்லாப் பட்ட நாளிலை எனக்கும் ஒரு பங்கு தாங்கோ" என்றார் அக்கா.

அடுத்த நாளும் அதே இடத்தில் போய் நின்றார். வாய்க்கொழுப்பு என்று ஏசியவர்களே சில காலத்தில் அவருக்கென்று நண்டு எடுத்து வைக்கத் தொடங்கினார்கள்.

கூரை ஏறியது. மகளும் படித்து ஆசிரியையானாள். நல்ல இடத்தில் கலியாணமும் பொருந்தியது. எங்கள் வழக்கப்படி, கோயிலுக்குப் புறப்படும் முன் மணப்பெண் முழங்காலிட, தாய் அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்புவார். தகப்பன் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப் போவார். தாய் கைம்பெண் என்றால் இரண்டையும் வேறு ஆட்கள் செய்வார்கள். இந்தக் கலியாணத்திலும் அப்படித்தான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தத்தை யோசிக்க வேண்டியிருக்கும் என்று மாப்பிள்ளையின் தாயார் பெரியண்ணையிடம் சொல்லியனுப்பினார்.

"நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன். நீ கோயில்லை பின்னுக்கு, கடைசி வாங்கிலை இரு. ஒரு நாள்தானே" என்றார் பெரியண்ணை.

"அண்ணை, செத்த ஆக்கள் உயிர்ப்பினமெண்டு ஞாயிறு ஞாயிறாய்ச் சத்தமாச் சொல்லுறம். வெளியிலை வந்து சகுனம் பாக்கிறம். என்ரை மனுசன் ஆண்டவரிட்டை இருக்கிறார். நான் ஏன் பின்னுக்கு இருக்கோணும்?"

"கலியாணம் குழம்பினால்?"

அக்கா பயந்தது அந்த ஒன்றுக்குத்தான். மெல்ல மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா கூட்டிக்கொண்டு போகாட்டி நான் போகமாட்டன் மாமா" என்றாள் அவள்.

கலியாணத்தன்று அக்காதான் சிலுவை வரைந்தார். அரக்கு நிறச் சேலை உடுத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவழியால் நடந்தார். மாப்பிள்ளை வந்து நிற்பாரோ மாட்டாரோ என்ற பயம் பின்னால் போன எனக்குக் கடைசி வரை இருந்தது. அவர் நின்றார். அக்காவின் கையிலிருந்தே பெண்ணைப் பெற்றுக்கொண்டார். சம்பந்தி அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று அக்காவை நினைத்து எனக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

காலம் சம்பந்தி அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. கணவரை இழந்த பின், பேரனின் ஞானஸ்நானத்தன்று அவர் தானாகவே கோயில் வாசலோடு ஒதுங்கி நின்றார். வேறு யாராக இருந்தாலும் பழையதைச் சொல்லிக் காட்டியிருப்பார்கள். அக்கா போய் அவருடைய கையைப் பிடித்தார்.

"உங்களைப் பின்னுக்கு நிக்கச் சொல்ல இஞ்சை ஒருத்தரும் இல்லை. வாங்கோ."

இருவருமாகவே பிள்ளையை ஏந்தி நின்றார்கள்.

பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. பார்க்க வந்தவர்கள் "ஆண்டவர் சோதிக்கிறார்" என்று கண் கலங்கினார்கள். "சோதிக்கிறது அவரின்ரை விருப்பம். எழும்பிறது என்ரை வேலை" என்றார் அக்கா. கடைசி வாரத்தில் அவரால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. ஆனாலும் எழும்புவார் என்று நம்பித்தான் அவரைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அந்த நம்பிக்கையை எவரும் எங்களிடமிருந்து பறிக்க முடியாது.

இரவு பகல் பாராமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கடைசி நேரத்தில் நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு அனுப்பிய சைவ அயலவர்களுக்கும், பெட்டி சுமந்த கரை உறவுகளுக்கும், கலியாணத்தின்போது அக்காவோடு கோபித்திருந்தும் இம்மலர் வெளிவர முன்னின்ற பெரியண்ணைக்கும் எங்கள் நன்றி உரியது.

இன்றைய முப்பத்தோராம் நாள் திருப்பலியில் காணிக்கைப் பொருட்களைப் பீடத்துக்கு எடுத்து வருபவர்கள் எங்கள் ஊரின் கைம்பெண்கள். சம்பந்தி அம்மா முதலில் வருவார். அவர்கள் கண்ணில் படக் கூடாது என்று நினைப்பவர்கள் கண்ணை மூடிச் செபிக்கலாம். வழியை மட்டும் மறிக்க வேண்டாம்.