நகராத பாம்பைத் தேடிப் போர்ட் கிள்ளானுக்கு

காலை 8.15. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நடந்து வந்து, கே.எல். சென்ட்ரலில் போர்ட் கிள்ளான் ரயிலில் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நண்டு தின்னப் போகிறவர்கள் போகும் வழி அது. நான் பாம்பு பார்க்கப் போனேன்.

திங்கட்கிழமை என் தம்பி சேவியரை அது கடித்தது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் பின்னால் கால்வாய் சுத்தம் செய்கையில், வலது கையில். கை முழங்கை வரை வீங்கிப்போனது. ஈறிலெல்லாம் ரத்தம் கசிந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றி உயிரைப் பிடித்துவிட்டார்கள். நடுவிரல் தேறுமா என்று இன்னும் தெரியாது. வேலை விபத்து என்று பதிவாகி நஷ்டஈடு கிடைக்க வேண்டுமானால் கிடங்கு ஒரு கடிதம் தர வேண்டும். சூப்பர்வைசர் தர மாட்டேன் என்றார். அங்கே பாம்பே கிடையாதாம். குடித்துவிட்டு எங்கேயோ கடிபட்டு வந்து கதை விடுகிறானாம். பீர் வாசனையே ஆகாதவனைப் பற்றி இப்படி! இத்தனைக்கும் அவர் நம்ம ஆள்தான், மூன்று வருடமாகத் தம்பியோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்.

ஷா ஆலம் தாண்டும்போது, வார்டில் டாக்டர் சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அது சதுப்புநிலக் குழிவிரியன். இரை தேடி அலையாது. தாழ்ந்த கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு, காய்ந்த பட்டை மாதிரி கிடக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள குழியால் எலியின் உடல்சூட்டை இருட்டிலும் கண்டுகொள்ளும். தொந்தரவு செய்தால் ஓடாது, கொத்தும். எஸ்டேட்டில் வளர்ந்த எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வித்தை: தரையைத் தட்டு, பாம்பு போய்விடும். நாகம் போகும். இது போகாது. “தட்டிட்டுத்தானேக்கா போனேன்” என்று சேவியர் அழுதான். அந்த வித்தையைச் சின்ன வயதில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

“எலி கிடைக்கிற எடம்னா, அது நாள்கணக்கா அங்கேயே இருக்கும்” என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் வெள்ளிக்கிழமை தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

9.40. ஸ்டேஷன் வாசலில் கார் பிடித்தேன், ஒன்பது ரிங்கிட்.

“அக்கா, அந்தப் பக்கம் லோரிதான் போகும். யாரைப் பாக்கணும்?” என்றார் டிரைவர்.

“பாம்பை.”

கண்ணாடியில் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

10.05. சூப்பர்வைசர் வாசலிலேயே மறித்தார். “போன்லயே சொன்னேனே அக்கா. அஞ்சு வருசமா இருக்கேன், ஒரு பாம்பு பாத்ததில்ல லா.”

“பின்னால இருக்கிற லோங்காங், அந்தக் கால்வாய்ப் பக்கம் எத்தனை தடவ போனீங்க?”

முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

வேலிக்கு மேலாகக் கண்டல் மரங்கள் கால்வாய் மீது சாய்ந்திருந்தன. சேற்று நாற்றமும் டீசல் நாற்றமும் சேர்ந்து குமட்டியது. இருபது நிமிடம் கிளை கிளையாகத் தேடினேன். அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

“போதுமாக்கா? எனக்கு வேலை இருக்கு.”

அப்போதுதான் கண்டேன். கால்வாயோரக் கைப்பிடிக் கம்பியை உரசிக்கொண்டிருந்த கிளையில், ஊதா கலந்த பழுப்பில் ஒரு சுருள். இமைக்காத கண். நான்கு எட்டுத் தள்ளி நின்று காலால் ஓங்கித் தரையைத் தட்டினேன். அசையவில்லை. இன்னொரு தரம் தட்டினேன். ஊஹூம்.

“அங்க பாருங்க” என்றேன்.

“ஐயோ முருகா!” மூன்று எட்டுப் பின்னால் தாவினார், கையிலிருந்த போன் சேற்றில் விழுந்தது. பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும், இந்த மனிதர் எம்மாத்திரம்! சுவரில் இருந்த கிடங்கின் எண்ணும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டேன். தம்பியைக் கடித்தது இதே பாம்புதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவரும் கேட்கவில்லை.

ஆபீசில் ஐந்தே நிமிடத்தில் கடிதம் தயாரானது. “ஸாரி லா அக்கா. இப்பதான் நம்புறேன்.”

“நாலு நாளா அவன் இதைத்தானே சொன்னான்?”

“சொன்னான்தான்…” என்று இழுத்தார். பிறகு முத்திரை குத்தி நீட்டினார்.

11.20. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ, இரண்டரை ரிங்கிட். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஆத்திரம் ஆறவில்லை. கூடச் சாப்பிட்டவன் பேச்சுக்கு இல்லாத மதிப்பு, கிளையில் வாயைத் திறக்காமல் கிடந்த ஜந்துவுக்கு இருந்தது.

ரயில் புறப்பட்டதும் சேவியர் கூப்பிட்டான்.

“லெட்டர் கிடைச்சிருச்சுடா.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அப்ப நான் சொன்னத நம்பிட்டாங்களாக்கா?”

“நம்பிட்டாங்கடா” என்று பொய் சொன்னேன்.