கைக்கும் மழலை உண்டு

ஐந்து விரலையும் விரித்து மூக்கின் மேல் அப்பிக்கொள்வாள் என் இளைய மகள். தொண்ணூறுகளின் தொடக்கம். என் கணவருக்கு ரயில்வே வேலை, மைசூரில் வாடகை வீடு. குழந்தைக்குக் காது கேட்காது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துப் பேட்டையான மண்டி மொஹல்லாவில் எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்காவுக்கும் காது கேட்காது. அவரிடம் விட்டால் கையால் நாலு சொல்லாவது கற்பாளே என்று தினமும் தூக்கிக்கொண்டு ஓடினேன். இவருக்கோ அது பிடிக்கவே இல்லை. கை பேசப் பழகினால் வாய் சோம்பிவிடும் என்று எந்த மகானுபாவனோ சொல்லிவிட்டானாம். "இதெல்லாம் ஒரு பாஷையா? இனிமே அவ கையை ஆட்டினா கட்டிப் போட்டுடுவேன்" என்று கத்தினார். சொன்னால் செய்கிற மனுஷர்.

அந்தச் சத்தம் மாடிவரை கேட்டிருக்க வேண்டும். மறுநாள் உறைக்கு மோர் வேண்டுமென்று மாடி வீட்டு மேடம் இறங்கி வந்தார். கல்லூரியில் மொழியியல் நடத்துபவர், கன்னடக்காரர். தையல்கார அக்காவின் கைப்பேச்சைத்தான் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். குழந்தை என்னைப் பார்த்து வழக்கம்போல மூக்கில் கையை அப்பினாள்.

"அக்கா காட்டினது எதுவும் வரலை மேடம். சும்மா மூக்கைத் தேய்ச்சுக்கிறா" என்று அலுத்துக்கொண்டேன்.

"தேய்க்கலைங்க! அம்மான்னு உங்களைக் கூப்பிடறா. மூக்குத்தி இடத்தை ஒரு விரலால தொடணும். இடம் சரி, தொடறதும் சரி, விரல்தான் இன்னும் பிடிபடலை."

இவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மேடம் விடுகிற ஆளா?

"அல்ல சார், உங்க பெரியவன் சின்னதுல சர்க்கரையை என்னன்னு சொன்னான்?"

"தக்கரைன்னுதான்" என்றார் இவர்.

"அதுக்காக அவன் வாயைக் கட்டிப் போட்டீங்களா?"

வாயில் பிறக்கும் சொல் ஒலிகளால் ஆனது. கையில் பிறக்கும் சொல் விரலின் வடிவம், தொடும் இடம், அசைவு இவற்றால் ஆனது. அதில் ஒன்று மாறினாலும் வேறு சொல்லாகிவிடலாம் என்று பொறுமையாக விளக்கினார். குழந்தைகள் தடுக்குவதும் அந்தத் துண்டுகளில்தானாம், வாயானாலும் கையானாலும். "இது மழலை சார். பாஷை இருந்தாத்தானே மழலை வரும்?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். எத்தனை மாதமாக என் பெண் என்னை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள், பாவி எனக்கு அது தெரியவில்லையே! இன்று அவள் தன் பிள்ளைகளோடு கையாலேயே பேசி மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மேடம், மகராசி, எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வேன்.

அன்று மேடம் போன பிறகு இவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு குழந்தையின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, "அப்பாவுக்கு எப்படி?" என்று என்னைக் கேட்டார். மேலுதட்டின் மேல் மீசை முறுக்குவதுபோலக் காட்டினேன். அவரும் முறுக்கினார். அவள் உள்ளங்கை முழுவதையும் மேலுதட்டில் வைத்துத் துடைத்தாள். நான் அவள் விரலைப் பிடித்துச் சரிசெய்யப் போனேன்.

"விடுடி" என்றார், என் கையை விலக்கி. "திருத்தாதே. இன்னும் கொஞ்ச நாள் மழலை பேசட்டும்."