மணி அடித்த பெட்டி

கரண்ட் போனதும் 'கீ கீ' என்று கத்தும் யூபிஎஸ் பெட்டியை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. பட்டுச் சேலைக் கரைகளைக் கம்ப்யூட்டரில் வரையத் தொடங்கியிருந்த காலம். திடீரென்று மின்சாரம் போனால் காலையிலிருந்து வரைந்த யாளியும் மயிலும் மொத்தமாய் அழிந்துவிடும். அதனால் பெட்டி வேண்டும், அதன் குரல்தான் வேண்டாம். “எழவு வீடு மாதிரி கத்திக்கினே இருக்குது சார், கடையில லட்சுமி தங்குமா?” என்றார் ஒரு டிசைன் சென்டர்காரர்.

சின்ன காஞ்சிபுரத்தில் அந்தப் பெட்டிகளை வடிவமைத்துச் செய்த எங்கள் சார், கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். நான் ஐயம்பேட்டையிலிருந்து போய் அவரிடம் டிரான்ஸ்பார்மருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். சார் யோசித்துப் பார்த்து பீப் ஒலியைக் கழற்றிவிட்டு, காலிங் பெல்லில் வருவது போன்ற ஒரு மியூசிக் சிப்பை வைத்தார். பேட்டரி தீரப்போகிறது என்றால் அது கோயில் மணியாக விடாமல் அடிக்கும். ஊரே மெச்சியது. எனக்கும் தலைகால் புரியாத பெருமை.

சாரின் அக்கா நுரையீரல் கெட்டு, சார் வீட்டிலேயே படுக்கையில் இருந்தார். வாய்விட்டுக் கூப்பிடவும் தெம்பில்லை. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் தரும் மின்சார மெஷின். அதன் அலாரம் பழுதாகியிருந்தது. “நம்ம மணிதான் இருக்கே” என்று சார் பெரிய பேட்டரியோடு ஒரு யூபிஎஸ்ஸை அதற்கென்றே செய்தார். மணி அடித்தால் குழாயை மாற்றிவிட, கட்டிலருகில் ஒரு சிலிண்டரும் இருந்தது.

வைகாசித் தேர் வரும்போது தெருவில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். சாருக்கும் அது தெரியும், கணக்குப் போட்டுத்தான் பேட்டரி வைத்திருந்தார். அந்த வருஷம் தேர் திருப்பத்தில் சிக்கி நின்றுவிட்டது. சாரும் அவர் மனைவியும் நானும் வாசலில் காத்திருந்தோம். மேளச் சத்தத்துக்கு நடுவே மணி கேட்டது. “பெருமாள் எழுந்தருளிட்டார்” என்று சார் கண்ணை மூடிக் கைகூப்பிச் சேவித்தார். நாங்களும் சேவித்தோம். மணி நின்றது. கண்ணைத் திறந்தால் தெருவில் தேரைக் காணோம். சார் உள்ளே ஓடினார்.

அக்கா போய்விட்டிருந்தார். ஒரு கை சிலிண்டர் பக்கம் நீண்டு கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, சார் கடை கடையாக ஏறி இறங்கி மணியை எடுத்துவிட்டுப் பழைய பீப்பையே வைத்தார். கருவிப் பையோடு நானும் கூடப் போனேன். இன்று என் அலுவலகத்தில் யூபிஎஸ் கத்தினால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். கத்தட்டும் என்பேன், கத்துவதுதான் அதன் வேலை.

அன்று ஓரிக்கையில் ஒரு கடைக்காரர் மட்டும் பெட்டியைத் தரவே மனமில்லாமல் கேட்டார்: “நல்லா இருக்கிற மணியை ஏன் சார் புடுங்கறீங்க? சத்தம் கேக்கலியா?”

சார் திருப்புளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேட்டுது. சேவிச்சுண்டு நின்னேன்.”