குடை நிழலில் ஒரு கருத்துக்கணிப்பு

அந்தப் பகுதியில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். சோப்புக் கம்பெனி கேட்டால் சோப்பைப் பற்றி, தேர்தல் வந்தால் ஓட்டைப் பற்றி, கருத்துக்கணிப்பு அலுவலகம் எதைக் கேட்கச் சொன்னாலும் வீடு வீடாகப் போய்க் கேட்டு வருவது அவள் பிழைப்பு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாயிலிருந்து ஓர் உண்மையை வரவழைப்பது எவ்வளவு பாடு என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, முதுகு. சின்னங்கள் அச்சடித்த சீட்டையும் பூட்டிய தகரப் பெட்டியையும் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். சீட்டு பெட்டிக்குள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவாள்.

"என்னம்மா, எங்க மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலையா?" என்று கிண்டல் செய்வார்கள்.

"மூஞ்சியைப் பார்த்தா பொய் சொல்லுவீங்க" என்பாள்.

அவள் கொண்டுவந்த எண்கள் அதுவரை பொய்த்ததில்லை.

வீட்டில் அவளுக்கு ஓர் அக்கா. மாநகராட்சி மருந்தகத்தில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்தவள். அங்கே பெட்டி பெட்டியாக மருந்து காணாமல் போனது. எடுத்து விற்றது கவுன்சிலரின் மச்சான் என்பது தெருவுக்கே தெரியும். ஒரு சாயங்காலம் கவுன்சிலர் தெருமுனையில் மேடை போட்டு, மைக்கைப் பிடித்து, அக்காவைத் திருடி என்றார். "நான் சொல்றது சரிதானே?" என்று கூட்டத்தைக் கேட்டார். இஸ்திரிக்காரர் தலையாட்டினார். பால் கடைக்காரி தலையாட்டினாள். அந்த வாரம்தான் அக்கா கையால் பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கிப் போனவள் அவள். அக்கா ஆடிய தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நாலு வருஷமாகியும் அதை வெளியே எடுக்கவில்லை. மூன்றாம் மாடி ஜன்னல்தான் அவளுக்கு உலகம்.

கேள்விக்காரிக்கும் நாலு வருஷமாக ஒரே எண்ணம். அந்த ஆள் விழவேண்டும். விழும்போது தான் பக்கத்தில் நிற்கவேண்டும்.

இந்தத் தடவை கவுன்சிலர் மேயர் பதவிக்கு நின்றார். எந்தப் பகுதியில் எவ்வளவு அலைவது என்று தெரிந்துகொள்ள அவரே கருத்துக்கணிப்புக்கு ஏற்பாடு செய்தார். மருந்தகத் தெருவும் சுற்றியுள்ள சந்துகளும் கேள்விக்காரிக்கு வந்தன.

"உண்மையைப் பொறுக்கி எடுத்துட்டுப் போய் அவன் கையிலயே குடுக்கப் போறியாக்கும்?" என்றாள் அக்கா, வெங்காயம் உரித்தபடி. "எங்க ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சா அடைச்சுக்க மாட்டானா?"

"பொய்க் கணக்கு எழுத மாட்டேன்கா. அது என் சோறு."

"அப்ப உன் சோத்தை நீயே தின்னு."

காலையில் கீழே இறங்கினால் குடைக்காரன் நிற்கிறான். கவுன்சிலர் தலைக்கு மேல் குடை பிடித்து வருவதுதான் அவன் உத்தியோகம். கவுன்சிலர் இல்லாதபோதும் மடக்கிய குடை அவன் கக்கத்தில் இருக்கும்.

"அண்ணன் உங்களுக்கு வழி காட்டச் சொன்னாரு, மேடம்."

"நான் பிறந்த தெருவுக்கு எனக்கு வழியா?"

"பேச்சுத் துணைன்னு வச்சுக்குங்களேன்."

கட்சிக்காரர் யாராவது கூட வந்தால் வேலையை நிறுத்திவிட்டு மேலாளரைக் கூப்பிட வேண்டும் என்பது அலுவலக விதி. அவள் கைப்பேசியை எடுத்தாள். அப்போது எதிர்ப்பக்கம் பால் கடைக்காரி குடையைப் பார்த்தாள். பார்த்ததுமே, யாரும் எதுவும் கேட்காமலே, தலையாட்டினாள். நாலு வருஷத்துக்கு முன் ஆடிய அதே ஆட்டம்.

கேள்விக்காரி கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

"வாங்க, போகலாம்" என்றாள். "வெயில் ஏறுது பாருங்க. குடையை நல்லா விரிச்சுக்குங்க."

ஒவ்வொரு வாசலிலும் அவள் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். குடைக்காரனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை. இஸ்திரிக்காரர் சீட்டை மடிக்கக்கூட இல்லை. குடைக்காரனின் மூக்குக்கு நேரே பிடித்து டிக் போட்டார். "அண்ணனுக்குப் போடாம வேற யாருக்குங்க? இந்தக் கடையே அண்ணன் புண்ணியம்." இன்னொரு வீட்டில் புருஷன் டிக் போட்டுக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து பெண்டாட்டி, "எனக்கும் சேர்த்து அதுலயே ரெண்டு போட்டுடுங்க" என்று கத்தினாள். "ஆளுக்கு ஒண்ணுதாம்மா" என்று குடைக்காரனே கூச்சப்பட்டான்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கவுன்சிலர் பக்கம்.

"கட்சி ஆள் கூடவே நின்னாரு சார்" என்று மேலாளரிடம் சொன்னாள்.

"கணிப்புக் கேட்டவரும் அவரு, ஆள் அனுப்பினவரும் அவரு. நடுவுல உனக்கென்ன?" என்றார் மேலாளர்.

எண்களைப் பார்த்த கவுன்சிலர், நேரில் கேட்டு வந்தவளைப் பார்க்க வேண்டும் என்றார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"இதை எவ்வளவு தூரம்மா நம்பலாம்?"

நல்ல கேள்வி. அவள் தொழிலில் யாரும் கேட்காத கேள்வி. அதற்கு அவள் பொய் சொல்லவில்லை.

"உங்க ஆளு குடையோட பக்கத்துல நிக்கறப்போ சொன்னதுங்க. அவ்வளவு தூரம் நம்பலாம்."

மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. கவுன்சிலரோ தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"கேட்டீங்களாய்யா? என் ஆளு மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்காங்க! ஒளிச்சு மறைச்சுச் சொல்லியிருந்தாத்தான் நான் சந்தேகப்படணும். நீ எந்தத் தெரும்மா?"

"மருந்தகத் தெருங்க."

"தங்கமான தெரு. நான் கேட்டு அங்க ஒரு தலை ஆடாம இருந்ததில்ல."

"ஆமாங்க. நானும் பார்த்திருக்கேன்" என்றாள்.

அதன்பிறகு கவுன்சிலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பழம் பழுத்தாகிவிட்டது, இனி ஏன் கல்லெறிய வேண்டும் என்று ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டார். அவரை எதிர்த்து நின்றவள் ஒரு பஸ் கண்டக்டர். கூட ஒருத்தரும் இல்லாமல் மாடிப்படி மாடிப்படியாக மூச்சு வாங்க ஏறி, "கொஞ்சம் தண்ணி குடுங்க, அப்புறம் ஓட்டைப் பத்திப் பேசலாம்" என்றாள். தேர்தலன்று அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்துத் தூசி தட்டினாள். ஓட்டுப் போடும் மறைப்புக்குள் குடை நுழையாது.

மற்ற இடங்களில் தட்டுத்தடுமாறி முன்னால் வந்த கவுன்சிலரைக் கவிழ்த்தது அவருடைய தங்கமான தெருக்கள்தான்.

ஓட்டு எண்ணும் இடத்தின் வாசலில் தூறலில் காத்து நின்றாள் கேள்விக்காரி. கவுன்சிலர் வெளியே வந்தார். தலை நனைந்திருந்தது. குடைக்காரனைக் காணோம்.

"என்னை இப்படி ஏமாத்திட்டியேம்மா!"

"எவ்வளவு தூரம் நம்பலாம்னு சொன்னேனே. நீங்கதான் சிரிச்சீங்க." அவள் ஓரடி கிட்டே போனாள். "மருந்தகத்துல இருந்தவளை மைக்ல திருடின்னீங்களே, அவ தங்கச்சி நான். அன்னைக்கும் இதே தலைங்கதான் ஆடுச்சு. அந்த ஆட்டத்தைத்தான் நீங்க இன்னைக்கு வரைக்கும் நம்பிட்டிருந்தீங்க."

அவர் என்னவோ சொன்னார். மைக் இல்லாமல் அவர் குரல் இரண்டடி தாண்டவில்லை.

கணிப்பு தலைகீழாய்ப் போனதால் மேலாளர் அவளை அடுத்த வேலைக்குக் கூப்பிடவில்லை. பொய்த்தது அவள் எண் என்றுதான் ஊர் சொன்னது. அது சுருக்கென்று குத்தத்தான் செய்தது. ஆனாலும் அன்று இரண்டு தட்டுச் சோறு கூடவே சாப்பிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. இஸ்திரிக்காரர். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"அம்மாடி... நீ எடுக்கலைன்னு எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும்மா" என்றார் அக்காவிடம்.

"இவர் பின்னால யாராவது நிக்கறாங்களா, பாருடி" என்றாள் அக்கா.

கேள்விக்காரி படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். "யாருமில்லக்கா. தனியாத்தான் வந்திருக்காரு."

"தனியாச் சொன்னா ஓட்டுக்குப் போதும், அண்ணே. எனக்குப் போதாது. என்னைத் திருடின்னப்போ எங்க நின்னு தலையாட்டினீங்களோ, அங்க போய் நின்னு சொல்லுங்க. இப்பவே."

"தெருமுனையிலயாம்மா? இந்நேரத்துக்குக் கடை கண்ணி எல்லாம் ஜனமா இருக்குமே."

"அதனாலதான்."

அக்கா கதவைச் சாத்தினாள். படியில் அவர் செருப்புச் சத்தம் மெதுவாக இறங்கியது, இரண்டாம் மாடியில் கொஞ்சம் நின்றது, மறுபடி இறங்கியது. இருவரும் ஜன்னலுக்குப் போனார்கள். கீழே இஸ்திரிக்காரர் தன் கடையைத் தாண்டி நடந்தார். தெருமுனையில், பால் கடை எதிரே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

அக்கா ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்தாள்.