வெள்ளையடிக்காத கிறிஸ்மஸ்

என் தம்பி ஜோஷுவா மாஞ்சோலை பஸ்ஸில் கண்டக்டர். மணிமுத்தாறு தாண்டி மலை ஏறும்போது மேகம் கொஞ்சம் கறுத்தால் போதும், "ஷட்டர இறக்குங்க, ஷட்டர இறக்குங்க" என்று முன்படிக்கும் பின்படிக்குமாக நடப்பான். காற்று வேண்டும் என்று யாராவது முரண்டு பிடித்தால், அவனே குனிந்து இறக்கிவிடுவான். சீட்டு நனைந்துவிட்டால் அடுத்து ஏறுகிறவர் எங்கே உட்காருவார் என்று கேட்பான். எஸ்டேட் ஜனங்கள் அவனுக்கு 'ஷட்டர் கண்டக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்டவன் அவன்தான். அதனால் அந்தப் பெயர்கூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவன் பாளையங்கோட்டையில் கட்டிய வீட்டில், மழை பெய்தால் ஜன்னல் ஓரமெல்லாம் ஒழுகும்.

ஜன்னலை நான் குறை சொல்ல மாட்டேன். தெருவில் எல்லோரும் இரண்டு கதவு ஜன்னல் வைத்தபோது இவன் நான்கு கதவு வைத்தான். அத்தனையும் வேங்கை மரம். குறை அதற்கு மேலே இருந்தது. தண்ணீரை வெளியே வழியவிட வேண்டிய சன்ஷேடு உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. விழுந்த மழையெல்லாம் அங்கேயே தேங்கிச் சுவருக்குள் இறங்கியது. ஐப்பசியில் படுக்கையறை ஜன்னலைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் வரும். கார்த்திகையில் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து பூசணமாகப் படரும். புழக்கடைக் கதவு ஊறி உப்பி, நிலையோடு இறுகிக்கொள்ளும். தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அவன் கண்டுபிடித்த மருந்து பெயிண்ட். எங்கள் சபையில் கிறிஸ்மஸுக்கு ஒரு வீடு வெள்ளையடிக்காமல் இருந்தால், அந்த வருஷம் அங்கே சாவு நடந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு காரணத்தை யாரும் யோசிக்கவே மாட்டார்கள். எங்கள் ஊரில் மழை ஓய்வதும் பண்டிகை வருவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில். அடுத்த தெரு சைவர்கள் பொங்கலுக்கு அடிக்கிறார்கள், அதற்குள் சுவரில் கொஞ்சம் வெயிலாவது படும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சொதசொதவென்று இருக்கிற சுவரின் மேலேயே அடித்தாக வேண்டும்.

வருஷா வருஷம் பெயிண்டர் உமர் பாரூக்தான் வந்து அடிப்பார்.

"பாய், உள்ள ஈரம் இருக்கு போலயே?" என்று ஜோஷுவா சும்மா கேட்டுவைப்பான்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. வெளிய தெரியாதுல்லா. இன்னொரு கோட்டு சேர்த்துப் போட்டிருதேன்."

பண்டிகையன்று வீடு மின்னும். புது வருஷ ஆராதனை முடிந்து வந்து பார்த்தால், புதுப் பெயிண்டுக்குள்ளிருந்து பூசணம் எட்டிப் பார்க்கும். ஜோஷுவா அதன் மேல் வசனக் காலண்டரை மாட்டுவான். அதையும் தாண்டிப் படர்ந்தால் மளிகைக் கடைக் காலண்டர், அதற்குப் பக்கத்தில் மருந்துக் கடைக் காலண்டர். அந்தப் படுக்கையறையில் தேதி தெரியாமல் யாரும் தூங்க முடியாது.

அவன் மனைவி சாரம்மாளுக்கு இளைப்பு நோய். கல்யாணமாகி வந்தபோது அது கிடையாது, இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு வந்தது. மழைக்காலத்தில் அவள் பேச்சு துண்டுதுண்டாக வரும். ஒரு வார்த்தை சொல்லி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, அடுத்த வார்த்தை சொல்வாள். தொண்ணூற்றைந்து டிசம்பரில் மிகவும் மோசமாகி, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

"வீட்டுல ஈரம், பூசணம் ஏதும் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார். போன வாரந்தான் பெயிண்ட் அடிச்சேன்" என்றான் ஜோஷுவா, முகம் மலர்ந்து.

சாரம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை.

மறு வருஷம் மழைக்கு முன்பே, தெம்பு இருக்கும்போதே சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்வதுபோல அவன் காதில் போட்டாள்.

"மைனி, ஈரத் துணிய மடிச்சுப் பெட்டியில வச்சா என்னாகும்?"

"நாறிப்போகும்."

"உங்க தம்பி வருசா வருசம் வீட்டையே மடிச்சு வைக்காரு. இந்தத் தடவ சுவர எல்லாம் சுரண்டணும், சன்ஷேட சரிபண்ணணும். நல்லாக் காயுத வரைக்கும் பெயிண்ட் டப்பா இந்தப் படி ஏறக் கூடாது. ஏறிச்சுன்னா நான் சாயர்புரத்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பெறகு கூப்பிட வரக் கூடாது."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க சாரா?" என்றான் அவன்.

"ஊருக்கா இளைக்குது?"

மழை கொஞ்சம் விட்டதும் கொத்தனார் வந்து சன்ஷேடை வெளிப்பக்கம் சாய்த்துப் பூசினார். ஜன்னல் ஓரங்களைச் சுரண்டியபோது பச்சைக்கு அடியில் ரோஸ், ரோஸுக்கு அடியில் நீலம் என்று பழைய கிறிஸ்மஸ்கள் வரிசையாக உதிர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கறுப்பு. பூச்சையும் கொத்தி எடுத்த பிறகு, அந்த நான்கு கதவு ஜன்னல்களைச் சுற்றிச் செங்கல் பல்லிளித்துக்கொண்டு நின்றது. தூசி அடங்கும்வரை சாரம்மாள் என் வீட்டில் படுத்திருந்தாள், சபைக் கோயிலுக்கும் வரவில்லை.

பண்டிகை நெருங்க நெருங்க ஜோஷுவாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டே, "வீட்ல யாரு சார் தவறிட்டாங்க?" என்று கேட்டாராம். தெருவழியே வருகிறவர்கள் அவன் வீட்டைக் கடக்கும்போது பேச்சைத் தணித்தார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் காலையில், நானும் வீடு திரும்பியிருந்த சாரம்மாளும் அவர்கள் அடுப்படியில் முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தபோது, அவன் ஒரு பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக உள்ளே வந்தான்.

"முன்சுவர் மட்டும். ரோட்டுக்குத் தெரியுத பக்கம் மட்டும்."

"ஏலே, அவ சொன்னது மறந்துபோச்சா?" என்றேன்.

சாரம்மாள் கை கழுவிவிட்டு உள்ளறைக்குப் போய்ப் பையில் சேலைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். டப்பாவை வைத்துக்கொண்டு அவன் முன்னறையில் நின்றான்.

அப்போதுதான் தேவதாசன் சார் வந்தார். ரிட்டயர் ஆன வாத்தியார், சபையில் மூத்தவர். மெட்ராஸில் மகன் வீட்டில் மாதக்கணக்காக இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். செருப்பைக் கழற்றியவர் சுவரைப் பார்த்தார், கலைந்த தலையோடு நின்ற ஜோஷுவாவைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு கார்டு போட ஒருத்தருக்கும் தோணலயே தம்பி. சாரம்மாவக் கோயில்ல காணோம்னு எங்க வீட்ல சொன்னப்பவே பயந்தேன். இங்கன வந்து பாத்தா வீடும் இப்படிக் கிடக்கு. ஜெபிப்போம்."

ஜோஷுவா வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார். எங்களில் ஒருவர் ஜெபம் தொடங்கிவிட்டால் கூரையே விழுந்தாலும் யாரும் நடுவில் பேச மாட்டோம். ஜோஷுவா தலை குனிந்தான். நானும் அடுப்படி வாசலில் தலை குனிந்தேன். வயது காலம் வரும் முன்னே எடுத்துக்கொண்ட உமது பிள்ளைக்காக என்று தொடங்கி, அவளுடைய சமையல், பாட்டு, பொறுமை எல்லாவற்றையும் சொல்லி, தனிமரமாகிவிட்ட இந்தச் சகோதரனுக்கு ஆறுதல் தாரும் என்று தேவதாசன் சார் நிதானமாக ஜெபித்தார். பாதியிலேயே என் தம்பியின் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது. யார் சொல்லியும் ஏறாதது அன்றைக்கு ஏறியிருக்க வேண்டும்.

"ஆமென்" என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

தேவதாசன் சார் கண்ணைத் திறந்தார். கையில் பையோடு சாரம்மாள் நின்றாள்.

"நீ இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார். இருக்கணும்னுதான் இந்த வருசம் வெள்ளையடிக்கல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜோஷுவா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து டப்பாவை எடுத்தான்.

"சார், போகும்போது இதக் கொண்டுட்டுப் போயிருங்க."

துக்கம் கேட்க வந்தவர் பெயிண்ட் டப்பாவோடு திரும்பிப் போனார். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டு கேட் நீல நிறமாயிற்று. எங்கள் செங்கல் வீட்டில் நட்சத்திரம் மட்டும் தொங்கியது. வந்தவர்களெல்லாம் முந்திரிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தார்கள்.

தையில் வெயில் ஏறியது. ஜன்னல் ஓரத்தில் ஒரு புள்ளிகூட வரவில்லை. சுவரைத் தட்டினால் கணகணவென்று சத்தம் வந்தது. மாசியில் புதுப் பூச்சு பூசி, இனி அடிக்கலாம் என்று ஜோஷுவா உமர் பாரூக்கைக் கூப்பிட்டபோது, "லெந்து நாள்ல வீட்டுக்கு அலங்காரமா வே?" என்று ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தைக் காட்டித் தேவதாசன் சார் தடுத்துவிட்டார். ஆக, சுவர் ஈரமாக இருக்கும்போது அடிக்காவிட்டால் பழி, காய்ந்த பிறகு அடித்தால் பாவம்.

ஈஸ்டர் கழிந்து, கொளுத்தும் வெயிலில் பெயிண்ட் வந்து இறங்கியது. கல்யாணமா என்று தெரு விசாரித்தது. உமர் பாரூக் டப்பாவைத் திறந்தார். மறுபடியும் ரோஸ்.

சாரம்மாள் வாசலுக்கு வந்தாள். இந்த நிறத்தை யார் கேட்டது, கடையில் வேறு நிறமே இல்லையா, ஐஸ் விற்கிற வண்டிக்கா அடிக்கப் போகிறோம், எத்தனை வருஷம் இதைப் பார்த்துக் கண் கெட்டது, நாளைக்குச் சாயர்புரத்திலிருந்து யாராவது வந்தால் எந்த முகத்தோடு நிற்பது என்று அடுக்கிக்கொண்டே போனாள். நடுவில் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை, நெஞ்சில் கை வைக்கவில்லை. ஜோஷுவா டப்பாவின் மூடியைக் கையில் பிடித்தபடி, கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றான்.