இண்டர்வெல் வரைக்கும்தான் சொல்வேன்

திண்டிவனத்தில் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். சினிமாவுக்குக் கதையும் எழுதுகிறேன். சென்னை டைரக்டர் ஒருவர், "நல்லாருக்கும்மா, முதல் பாதியை மட்டும் மாத்திட்டு வா, மீதியை அப்புறம் கேக்குறேன்" என்றார். சம்பளப் பேச்சே இல்லை. நானும் கடையைப் பூட்டிவிட்டு ஐந்து முறை பஸ் ஏறினேன்.

ஐந்தாம் முறை, நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு போன் வந்தது. என் கதாநாயகி தன் கல்யாண மண்டபத்துக்கே பூட்டுப் போடும் இண்டர்வெல் காட்சியை, என் எதிரிலேயே, டைரக்டர் தன் கதையாக போனில் பேசிய ஹீரோவுக்குச் சொன்னார்!

"அது என் சீனுங்க சார்" என்றேன்.

"புதுசா வர்றவங்க இப்படிப் பேசக் கூடாது. செகண்ட் ஹாஃபைச் சொல்லு."

நல்லவேளை, அதை அதுவரை சொல்லவில்லை. ஃபைலோடு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது யார் கேட்டாலும் இண்டர்வெல்லோடு நிறுத்திவிடுகிறேன். போன வாரம் அவரே போன் செய்தார்: "அப்புறம் அந்தப் பொண்ணு என்னம்மா ஆனா?"

"அக்ரிமென்ட் எடுத்துக்கினு திண்டிவனத்துக்கு வாங்க சார், சொல்றேன்."