மோடம் பொருத்த வந்த பெண்மணி

தொண்ணூறுகளின் கடைசியில், அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இண்டர்நெட் இணைப்புக் கொடுக்க, குமணன்சாவடிக் கடை ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குக் கண்ணாடி, தோளில் ஒயர்கள் பிதுங்கும் பை. டெலிபோன் ஒயரை மோடத்தில் செருகி டயல் செய்தார். மோடம் கிறீச்சிட ஆரம்பித்ததும் கண்ணை மூடி, ஒரு கையை உயர்த்தி எங்களைப் பேசவிடாமல் நிறுத்தினார். லைன் அறுந்து மறுபடி டயல் செய்த ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தார். நானும் மனைவியும் அசையாமல் நின்றோம்.

ஒருவழியாக லைன் கிடைத்தது. "யாருக்கு மெயில் போடணும், சொல்லுங்கண்ணே" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த யாரிடமும் கம்ப்யூட்டர் கிடையாது. "அத நாங்க யோசிக்கவே இல்லியேம்மா" என்றாள் மனைவி.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இன்னாண்ணே, ஆளே இல்லாமயா லைன் வாங்கிக்கினீங்க? சரி, எனுக்கே போடுங்க. கடைல பாத்துக்கிறேன்."

அன்று மாலையே, லைன் நன்றாக இருக்கிறது என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்திருந்தது. மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"அண்ணே, கெடச்சுது. எத்தினியோ ஊட்ல லைன் குட்த்துக்கீறேன். எனுக்குன்னு வந்த மொத மெயில் இதான். அண்ணி இன்னா பண்றாங்க?"

"நீங்க எந்திரிங்க, இதுக்கு நான் போடறேன்" என்று மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேட ஆரம்பித்தாள். அதன்பின் அந்தப் பெண்மணிக்கு எழுத எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.